கழித்த பிறகு மிஞ்சுவது

1864-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வில்லியம் பாரெட் என்ற இருபது வயது உதவியாளர், மனிதர் வெளிவிடும் மூச்சை ஒரு குழாய்க்குள் அடைத்து, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெப்பக் கதிரை அனுப்பிப் பார்த்தார். குழாயின் முனைகளைப் பாறை உப்புத் தகடுகளால் மூடியிருந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தால் அதுவே அகச்சிவப்புக் கதிரைத் தடுத்திருக்கும். மறுமுனையில், வெப்பம் பட்டால் துளி மின்னோட்டம் தரும் ஓர் உலோக அடுக்கு. அதோடு இணைத்த காந்த முள் எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்து, கதிரில் எவ்வளவு காணாமல் போனது என்று கணக்கிட்டார்கள்.

கருவி அவருடையதல்ல. அவருடைய ஆசான் ஜான் டிண்டால், எந்தெந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சும் என்று அறிய 1859-ல் உருவாக்கியது. பூமியின் காற்று ஏன் இரவில் வெப்பத்தை முழுவதும் இழந்துவிடுவதில்லை என்பதுதான் டிண்டாலின் கேள்வி. (அவருக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1856-ல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குடுவை வெயிலில் அதிகம் சூடாவதைக் காட்டியிருந்தார். அவர் பெயர் வெளியே தெரிய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.) பாரெட் அதே கருவியை மூச்சின் பக்கம் திருப்பினார். வெப்பத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது கார்பன் மோனாக்சைடு எரியும் சுடர். அது எரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறும்போது, அந்த வாயு எந்த அலைநீளத்தை விழுங்குமோ அதே அலைநீளத்தில் ஒளிரும். மூச்சில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று அவருக்குக் கிடைத்த விடை, வேதியியல் முறையில் அளந்த விடையோடு நன்றாகவே ஒத்துப்போனது.

ஒரு கிரகத்தின் காற்றை அளக்கச் செய்த கருவியால் ஒரு மனிதனின் மூச்சை அளந்த அந்த இடத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று மருத்துவமனைக்குள் போகிறது, இன்னொன்று வேற்றுக் கோள்களுக்குப் போகிறது. இரண்டும் இன்றுவரை எவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கின்றன என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மருத்துவ வழியை முதலில் பார்ப்போம். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் கார்ல் லுஃப்ட் அகச்சிவப்பால் வாயுவை அளக்கும் தொழிற்சாலைக் கருவியைச் செய்தார். அதன் வாரிசு இன்று ஒவ்வொரு நல்ல ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கும் கேப்னோகிராஃப், மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அளவைத் திரையில் கோடாக வரையும் கருவி. என் சித்தி மகள் அனஸ்தீசியா டாக்டர். அது என்ன காட்டும் என்று கேட்டபோது சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு பில்லின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். மூச்சை விடத் தொடங்கும்போது கோடு தரையில் கிடக்கும், அது தொண்டைக்குழாயில் தங்கியிருந்த காற்று. அடுத்த நொடி கோடு செங்குத்தாக ஏறும். அப்புறம் மேலே ஏறக்குறைய சமதளமாக ஓடும், லேசான ஏற்றத்தோடு. அதுதான் நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்று. சமதளம் முடியும் இடத்தில் 35-லிருந்து 45 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருந்தால் சரி. மூச்சை இழுத்ததும் சட்டென்று தரைக்கு விழும். ஆஸ்துமா நோயாளிக்கு அந்தச் செங்குத்தான ஏற்றம் சரிவாகப் படுத்துவிடும், சுறாவின் துடுப்பு போல என்று அவர்கள் சொல்வார்களாம்.

"அண்ணா, டியூப் தவறி உணவுக்குழாய்க்குள்ள போயிட்டாலும் ஆக்சிமீட்டர் சில நிமிஷம் நல்லாத்தான் காட்டும், ஏன்னா முன்னாடியே ஆக்சிஜன் நிறைய குடுத்திருப்போம். ஆனா இந்தக் கோடு வராது. கோடு வரலைன்னா டியூப் இருக்கிற இடம் தப்புன்னுதான் எடுத்துக்கணும்" என்றாள். நெதர்லாந்தில் 1978-லேயே இதை மயக்க மருந்தின்போது கட்டாயமான வழக்கமாக்கிவிட்டார்கள். இதயம் நின்று மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது இந்தக் கோடு திடீரென்று உயர்ந்தால், ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது முதல் அறிகுறிகளில் ஒன்று. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரலுக்குக் கொண்டுவந்து சேர்க்க ரத்தம் ஓடியாக வேண்டும் அல்லவா.

இந்தக் கருவி பார்க்கும் அலைநீளம் சுமார் 4.3 மைக்ரான். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ஒரே நேர்கோட்டில் நிற்கும் மூன்று அணுக்கள், நடுவில் கார்பன், இருபுறமும் ஆக்சிஜன். கார்பன் ஒரு பக்கம் நகர, ஆக்சிஜன்கள் எதிர்ப்பக்கம் நகர, இப்படி வினாடிக்குச் சுமார் 70 லட்சம் கோடி முறை அதிரும் பழக்கம் அதற்கு உண்டு. அதே வேகத்தில் அதிரும் ஒளி வந்தால் விழுங்கிவிடும். எங்கே இருந்தாலும் அப்படித்தான்.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 700 ஒளியாண்டுகள் தள்ளியிருக்கும் வாஸ்ப் 39பி என்ற கோளைப் பார்த்தது. சனி அளவு நிறை, 900 டிகிரி செல்சியஸ் சூடு, நான்கே நாளில் தன் விண்மீனைச் சுற்றிவிடும். கோள் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது விண்மீன் ஒளி சுமார் இரண்டு சதவீதம் மங்குகிறது. எல்லா அலைநீளத்திலும் ஒரே அளவு மங்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக மங்கி, வரைபடத்தில் ஒரு குன்று எழும்பியிருந்தது. அந்த இடம் 4.3 மைக்ரான். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளில் கார்பன் டை ஆக்சைடு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது அதுவே முதல்முறை. அந்தக் கட்டுரையின் வரைபடத்தை முதலில் பார்த்தபோது எனக்கு உடனே தோன்றியது, இது ஆபரேஷன் தியேட்டரில் ஒரு குழந்தையின் மூச்சில் பார்க்கும் அதே உறிஞ்சல் என்பதுதான். இன்னும் அந்த வியப்பு எனக்குக் குறையவில்லை.

சரி, வியப்போடு நிறுத்தினால் பாதிக் கதைதான். இந்த இரண்டு துறைகளுக்கும் பொதுவாக இன்னொன்று உண்டு, அது ஒரு தந்திரம். நல்ல உதாரணம் ஆக்சிமீட்டர்.

1970களின் தொடக்கத்தில் டோக்கியோவில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் வேறு ஒன்றைச் செய்ய முயன்றுகொண்டிருந்தார். ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காதுமடல் வழியாக ஒளியை அனுப்பி, சாயம் கரையும் வேகத்தை வைத்து இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளப்பது. நாடித்துடிப்பு அவர் வரைகோட்டில் அலையலையாக ஏறிக் குறுக்கிட்டது. அதை ஒழிக்க இரண்டு அலைநீளங்களில் அளந்து ஒன்றைக் கொண்டு மற்றதை ரத்துசெய்தார். அலை ஒழிந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினால் மட்டும் ஒழிக்க முடியாமல் திரும்பி வந்தது. அந்தத் தொந்தரவில்தான் ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது. 1974-ல் அதை வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டத் தொடங்கிய நேரத்தில், 84 வயதில் காலமானார்.

விரலுக்குள் போகும் ஒளியை எத்தனையோ பொருட்கள் விழுங்குகின்றன. தோல், எலும்பு, தசை, நகம், சிரை ரத்தம். நமக்கு வேண்டியது தமனி ரத்தம் மட்டும். மற்றவை எல்லாம் மாறாமல் இருக்க, தமனி மட்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் லேசாகப் புடைக்கிறது. மொத்த ஒளியில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீத ஆட்டம்தான். துடிக்கும்போது வரும் ஒளிக்கும் துடிக்காதபோது வரும் ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தை, 660 நானோமீட்டர் சிவப்பிலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பிலும் எடுத்து ஒப்பிட்டால் போதும். கடையில் அரிசியைக் கோணியோடு எடை போட்டு, அப்புறம் வெறும் கோணியை எடை போட்டுக் கழிப்பதுபோல.

வாஸ்ப் 39பி-யில் நடந்ததும் இதே கழித்தல். கோள் குறுக்கே வராதபோது வரும் ஒளி கோணி. குறுக்கே வரும்போது குறையும் அந்த இரண்டு சதவீதத்தில்தான் அரிசி. விண்மீன் என்ன செய்துகொண்டிருந்தாலும் கவலையில்லை, இரண்டு அளவிலும் அது ஒன்றாகத்தான் இருக்கும், கழிந்துவிடும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எப்போது பொய்க்கிறது என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். ஆராய்ச்சி முடிவுகளைச் செய்தியில் படிக்கும்போது கிடைத்த எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எதைக் கழித்தார்கள், அது கழிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

விண்மீனை எடுத்துக்கொள்வோம். அதன் முகம் ஒரே சீராக இருப்பதில்லை. சூரியனில் கரும்புள்ளிகள் இருப்பதுபோல அங்கும் உண்டு, சிறிய சிவப்பு விண்மீன்களில் அதிகமாகவே. கோள் புள்ளியில்லாத பாதையில் கடந்துபோனால், அது மறைத்த ஒளியும் மொத்த முகத்தின் சராசரி ஒளியும் ஒன்றாக இருக்காது. கழித்தால் புள்ளியின் சாயல் மிச்சமாகி, கோளின் காற்று போலத் தோன்றும். 2023-ல் ஜிஜே 486பி என்ற பாறைக் கோளைப் பார்த்தபோது நீராவியின் தடயம் கிடைத்தது. ஆனால் அந்த விண்மீனின் புள்ளிகள், நீராவி சிதையாமல் இருக்கக்கூடிய அளவுக்குக் குளிர்ந்தவை. நீராவி கோளில் இருக்கிறதா விண்மீனிலேயே இருக்கிறதா என்று அந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியவில்லை, ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதினார்கள். அதை நான் மதிக்கிறேன். டிராப்பிஸ்ட் 1 குடும்பத்தின் முதல் கோளிலும் 2023-ல் கிடைத்த நிறமாலையில் விண்மீனின் கறையே மேலோங்கி நின்றது.

வெள்ளிக் கோளின் கதை இன்னும் கூர்மையானது. 2020 செப்டம்பர் 14 அன்று ஜேன் கிரீவ்ஸ் குழு, வெள்ளியின் மேகங்களில் ஃபாஸ்ஃபீன் வாயு இருப்பதாக அறிவித்தது. நூறு கோடியில் இருபது பங்கு. அங்கே அந்த வாயு உண்டாக நமக்குத் தெரிந்த இயற்கை வழி எதுவும் போதாது என்பதால் உயிர் இருக்கலாமோ என்று உலகம் பரபரத்தது. தடயம் ரேடியோ நிறமாலையில் ஒரே ஒரு கோடு, 267 கிகாஹெர்ட்ஸ் அருகே. அதைக் காண, தொலைநோக்கி தானே உண்டாக்கும் நெளிவுகளைக் கழித்தாக வேண்டும். அதற்குப் பன்னிரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்றை, அதாவது பல இடங்களில் வளையக்கூடிய ஒரு கணித வளைகோட்டை, பொருத்திக் கழித்தார்கள். லெய்டனில் இக்னாஸ் ஸ்னெல்லன் குழு அதே முறையை எடுத்து மற்ற இடங்களிலும் பொருத்திப் பார்த்தது. அவ்வளவு வளைந்து கொடுக்கும் கோவையைக் கழித்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் கோடுகள் முளைத்தன. இதற்கிடையில் கிரீவ்ஸ் குழு பயன்படுத்திய சிலியின் அல்மா தொலைநோக்கித் தரவில் அளவீட்டுத் திருத்தப் பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கிரீவ்ஸ் குழுவே மறுகணக்கிட்டு, சராசரியை ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்தது. கந்தக டை ஆக்சைடின் கோடும் பக்கத்திலேயே இருக்கிறது என்று வேறு சிலர் சுட்டினார்கள். 2022-ல் வெளியான சோஃபியா விமானத் தொலைநோக்கியின் அளவில் ஃபாஸ்ஃபீன் தென்படவில்லை, அப்படியே இருந்தாலும் நூறு கோடியில் 0.8-க்கு மேல் இருக்க முடியாது என்றது. வாதம் இன்னும் முடியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, தரவு பொதுவில் இருந்தது, அதனால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கேனிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரிலிருந்தும் ஜாவாவில் லெம்பாங்கிலிருந்தும் அதைப் பதிவுசெய்தார்கள். காற்றே இல்லாத பாறை என்றால் விண்மீன் சட்டென்று அணைய வேண்டும். படிப்படியாக மங்கினால் காற்று இருக்கிறது. கேனிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு, அதன் அழுத்தம் பூமியினுடையதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற முடிவு 1973-ல் வெளியானது. 1979-ல் வாயேஜர் 1 பக்கத்தில் போய் இன்னொரு விண்மீனைப் புறஊதாவில் பார்த்தது. வளிமண்டலம் இருந்தாலும் அதன் அழுத்தம் 1973 முடிவைவிட ஏறக்குறைய 40,000 மடங்கு குறைவாகத்தான் இருக்க முடியும் என்றது. 1990களின் நடுவில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே உண்மையிலேயே ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது, வாயேஜர் வைத்த வரம்புக்கும் கீழே. 2021-ல், ஹப்பிளின் பழைய தரவையும் சேர்த்து அலசி, நீராவியும் இருக்கிறது என்றார்கள். காவலூர் பற்றிய அறிமுகங்களில் 1972 கதை வரும், வாயேஜர் கதை வராது. முழுதாகச் சொன்னால் காவலூருக்குப் பெருமை குறையும் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு அந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய காரியம்.

கே2-18பி பற்றியும் சொல்லிவிடுகிறேன், சென்ற ஆண்டுகளில் எல்லோரும் வாட்ஸப்பில் அனுப்பிய கோள் அது. 124 ஒளியாண்டு தூரம். 2019-ல் ஹப்பிள் தரவில் நீராவி என்றார்கள். 2023-ல் ஜேம்ஸ் வெப் பார்த்தபோது அது மீத்தேன் என்று தெரிந்தது, குறுகிய பட்டையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, கடல் நுண்ணுயிர்கள் இங்கே வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது டைமெத்தில் டைசல்ஃபைடின் தடயம் மூன்று சிக்மா அளவில் இருப்பதாக எழுதியது. அந்த வாயுவே இல்லாமல் தற்செயலாக இப்படி ஒரு வடிவம் அமைய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்பது அதன் பொருள். உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு என்று அதைப் படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள். அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது வலுவான சான்று இல்லை என்றே வந்தது. வாஸ்ப் 39பி-யின் கார்பன் டை ஆக்சைடு எத்தனை சிக்மா தெரியுமா? 26.

இங்கெல்லாம் தவறு நேர்ந்தால் ஒரு கட்டுரை திருத்தப்படும், அவ்வளவுதான். ஆக்சிமீட்டரில் கோணி கழியாமல் போனால் என்ன ஆகும்?

தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை விழுங்கும், சிவப்பை அதிகமாக. ஆனால் அது துடிப்பதில்லை, மாறாமல் இருப்பது, ஆகவே கழிந்துவிட வேண்டும் என்பது கோட்பாடு. நடைமுறையில் முழுதாகக் கழிவதில்லை. விரலுக்குள் ஒளி நேராகப் போவதில்லை, சிதறிச் சிதறிப் போகிறது. கருவியின் விளக்கும் சுத்தமான ஒற்றை அலைநீளம் தருவதில்லை. அதுவுமில்லாமல், சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடையே இந்த விகிதம் வந்தால் இத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்ற அட்டவணை கோட்பாட்டிலிருந்து வரவில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்து, அவர்கள் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்து, அந்த எண்களோடு பொருத்தி எழுதியது. அந்தத் தன்னார்வலர் யார் என்பது இங்கே முக்கியமாகிவிடுகிறது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ-வின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர், அதில் கருநிறத்தவர் 2 பேர் அல்லது 15 சதவீதம்.

2020-ல், கணவருக்குக் கோவிட் வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கிய எம்ஐடி மானுடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ், இது எல்லாத் தோலிலும் சரியாக அளக்குமா என்று தேடத் தொடங்கி ஒரு கட்டுரை எழுதினார். 1990-லேயே இதைச் சொன்ன ஆய்வு இருந்தது, மருத்துவ உலகம் அதைக் கடந்து போய்விட்டிருந்தது. அவர் கட்டுரையைப் படித்த மிச்சிகன் மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைத் தரவைத் திறந்து பார்த்தார்கள். ஆக்சிமீட்டர் 92-லிருந்து 96 என்று காட்டிய நேரங்களில், ரத்தச் சோதனையில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையருக்கு 3.6 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 11.7 சதவீதம். 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆசியர்கள் உட்பட வெள்ளையரல்லாத கோவிட் நோயாளிகளுக்குக் கருவி அளவைக் கூட்டிக் காட்டியதும், அதனால் கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை என்று தெரிவதே தாமதமானதும் வெளிவந்தது.

2021 மே மாதத்தில் எங்கள் தெருவில் ஒரே ஓர் ஆக்சிமீட்டர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. 94-க்குக் கீழே போனால் மருத்துவமனை, மேலே இருந்தால் வீடு. அந்தக் கோட்டை வைத்து எத்தனை குடும்பங்கள் முடிவெடுத்தன. எங்கள் தோலுக்கு அந்த எண் சரியாகப் பொருந்துமா என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் தெரிந்திருந்த ஒரு குறையைச் சரிசெய்யாமல் விட்டது அறிவியலின் இயலாமை அல்ல, யாருக்காக அளக்கிறோம் என்ற அக்கறையின்மை.

2025 ஜனவரியில் எஃப்டிஏ புதிய வரைவை வெளியிட்டது. சோதனையில் 150 பேர் அல்லது அதற்கு மேல், பல தோல் நிறங்களும் போதிய அளவில், நிறத்தை முறையாக அளந்து பதிவுசெய்து. இது புதிதாக அனுமதி கேட்கும் மருத்துவக் கருவிகளுக்கு. மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றுக்கு இது எதுவும் பொருந்தாது, அவற்றை யார் விரலில் வைத்துச் சோதித்தார்கள் என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை.

அதனால் வீட்டில் கருவி வைத்திருப்பவர்களுக்கு, தங்கை சொன்னதையே சொல்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் உங்களுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருந்து பாருங்கள். வழக்கத்தைவிட மூன்று நான்கு இறங்கியிருந்தால், இப்போது காட்டுவது 95 ஆகவே இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் திரையில் என்ன எண் இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அங்கே தமனி ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள்.